இரண்டு கிளாஸும் உன் கையில்தான் இருந்தன

அன்பும் குறையாமல் கோபமும் குறையாமல், என் மச்சானுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியத்தில் எல்லாரும் உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசினார்கள். ஆபீஸ் ஆட்கள், கம்பெனி பஸ் டிரைவர், சேலையூரில் உன் தெருக்காரர்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. எழுந்து நின்றால் வாயில் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

அன்றைக்குப் பேசாததை இப்போது எழுதுகிறேன். உன் பெயரை எழுதவில்லை. உன் மனைவிக்கு மாலதி என்றும் என் மனைவிக்கு ஜமீலா என்றும் வேறு பெயர் வைத்திருக்கிறேன். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்று மச்சான் என்று கூப்பிட்டால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதில் நீ யார் என்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் உனக்குத் தெரியும். எனக்கு அது போதும்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ், நீ பர்ச்சேஸ். பல வருஷமாக ஒரே பஸ், ஒரே சீட். வண்டலூர் கேட் வரும்வரை நீ பேசுவாய், அதற்குப் பிறகு தூங்குவாய், என் தோளில். ஜன்னல் ஓரம் எப்போதும் உனக்குத்தான். அதைக்கூட நீ எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி நம் இரண்டு பேரையும் இத்தாலிக்கு அனுப்பியது. கியர் அரைக்கும் மெஷின் ஒன்றை வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தாலியின் குதிகால் பக்கம் பூலியா என்று ஒரு மாநிலம், அதில் பாரி என்று ஒரு துறைமுக ஊர். மூன்று வாரம். என் ஆயுசில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த மூன்று வாரம் வேறு கிடையாது. அதைப் பற்றி இந்த ஆறு வருஷமாக ஒருத்தரிடமும் என்னால் வாய் திறக்க முடியவில்லை. இத்தாலி என்று யாராவது சொன்னாலே எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அந்த ஊர்களை நீதான் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். அதனால் முதலில் அவற்றைச் சொல்லிவிட்டுத்தான் உன்னைத் திட்டப் போகிறேன். கேள்.

மெஷின் கம்பெனியில் நம்மைப் பார்த்துக்கொண்டவன் வீட்டோ. கையை ஆட்டாமல் அவனால் ஒரு வார்த்தை பேச முடியாது. அவனுடைய இங்கிலீஷும் நம்முடைய இங்கிலீஷும் சேர்ந்து மெஷினைப் பற்றிப் பேசத்தான் போதுமாக இருந்தன. மற்றதையெல்லாம் சாப்பாட்டை வைத்துத்தான் பேசிக்கொண்டோம். சாயங்காலமானால் அவனுடைய குட்டிக் காரில் நம்மை மடித்து உட்கார வைத்துக் கடலோரமாகக் கூட்டிப்போவான்.

பழைய பாரியின் சந்துகளில் பெண்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மாவைத் திரித்து, துண்டு போட்டு, மழுங்கின கத்தியால் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்தால் சின்னக் காது மாதிரி வரும். சல்லடையில் காயவைத்து விற்பார்கள். நீ ஒரு அம்மாவிடம் போய், "தள்ளிக்கோம்மா, நான் பண்றேன்" என்று தமிழிலேயே சொல்லி உட்கார்ந்தாய். அந்த அம்மாவும் தள்ளி உட்கார்ந்தது. நீ செய்த காதுகளைப் பார்த்து அந்தச் சந்தே சிரித்தது. உன்னை எல்லாருக்கும் எப்படித்தான் பார்த்த உடனே பிடித்துவிடுமோ, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

துறைமுகத்தில் மீன்காரர்கள் எட்டுக் கால் உள்ள சாக்குக் கணவாயைக் கல்லில் அடி அடி என்று அடிப்பார்கள். அப்புறம் தொட்டியில் போட்டுச் சுற்றுவார்கள். அதன் கால்கள் சுருண்டு இறுகும்வரை அந்த வேலை நடக்கும். பிறகு பச்சையாகவே, எலுமிச்சை பிழிந்து தின்பார்கள். எனக்குப் பார்க்கவே முடியவில்லை. நீ இரண்டு தட்டு சாப்பிட்டாய். "இன்னா டேஸ்டு தெரியுமா மச்சான், எளநி வழுக்கை மாரி கீது" என்றாய்.

என் சாப்பாடு வேறு. ஒருவகை மொச்சையைக் காயவைத்து, தோல் நீக்கி, குழைய வேகவைத்து மசிப்பார்கள். பக்கத்தில் கசப்புக் கீரை. மேலே பச்சை நிறத்தில் ஆலிவ் எண்ணெய், ஊற்றுகிறவர்களுக்குக் கை நடுங்காது. அதை ரொட்டியோடு மூன்று வாரமும் சாப்பிட்டேன். கல் மாதிரி காய்ந்த ரொட்டி ஒன்று உண்டு, தண்ணீரில் நனைத்து, தக்காளியைத் தேய்த்து, உப்புத் தூவித் தருவார்கள். சோமாசி மாதிரி ஒன்றை எண்ணெயில் பொரித்து உள்ளே பாலாடையும் தக்காளியும் வைத்துக் கொடுப்பார்கள். பன்றி இல்லையே என்று கேட்க வீட்டோ எனக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தான். கடைக்குக் கடை நான் அதைக் கேட்க, நீ பின்னால் நின்று அதே வார்த்தையை என் குரலில் சொல்லிக் கேலி செய்வாய்.

திரானியில் கடலை ஒட்டினாற்போல் வெளுத்த கல்லில் ஒரு பெரிய தேவாலயம். மோனோபொலியில் நீலப் படகுகள், சுண்ணாம்பு அடித்த சுவர்கள், காய வைத்த துணிகள். போலிஞானோவில் வீடுகள் பாறை விளிம்பில் நிற்கும். கீழே இரண்டு பாறைக்கு நடுவில் கடல் உள்ளே வந்து நிற்கும், கூழாங்கல் கரை. அங்கே நானும் நீயும் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றோம். இதையெல்லாம் நான் ஜமீலாவிடம் சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? யாரிடம் சொன்னேன் நான்?

சரி. இனி உன் விஷயம்.

நீ குடித்த குடி தாம்பரத்துக்கே தெரியும். மாலதி மாசக்கணக்கில் செங்கல்பட்டில் தாய் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டதும் தெரியும். கடைசியில் உன் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் அவள் திரும்பி வந்தாள். இனி ஒரு தடவை தொட்டால் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். நீயும் தொடவில்லை. மூன்று வருஷம் தொடவில்லை. அதை நான் மறுக்கமாட்டேன்.

மோனோபொலிக்குப் பக்கத்தில் வீட்டோவின் அப்பா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்து. ப்ரிமிதீவோ என்று ஒரு திராட்சை, மற்றதற்கெல்லாம் முன்னால் பழுத்துவிடுமாம், அதில் அவரே பிழிந்து வைத்த வைன். நாவல்பழச் சாறு மாதிரி நிறம். எனக்கு முன்னால் இருந்த கிளாஸை நான் கையால் மூடினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. தன் கையால் செய்ததை விருந்தாளி வேண்டாம் என்கிறானே என்று வீட்டோவிடம் ஏதோ சொன்னார். நீ மேசைக்கு அடியில் என் முட்டியைத் தட்டினாய்.

"ஊத்த வுடு மச்சான். நான் பாத்துக்கறேன்."

"உன் சத்தியம் என்னாச்சு?"

"சத்தியம் பண்ணது இந்தியாவுல."

நான் கையை எடுத்தேன். அந்தத் தப்பை ஒத்துக்கொள்கிறேன். ஊற்ற விட்டிருக்கக்கூடாது. அந்த மேசையிலேயே உட்கார்ந்திருக்கக்கூடாது என்று என் மாமனார் மாதிரி ஆட்கள் சொல்வார்கள், அதுவும் சரிதான். ஆனால் என் உதடு அதில் படவில்லை. என் கிளாஸை நீ குடித்தாய், உன் கிளாஸையும் நீ குடித்தாய். கிழவருக்கு முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து எல்லாச் சாப்பாட்டிலும் அதுவே ஏற்பாடு ஆகிவிட்டது. எனக்கு ஊற்றுவார்கள், நீ குடிப்பாய். நீ எனக்கு உதவி செய்கிறாய் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டாள்.

குடித்துவிட்டு நீ சத்தம் போட்டதில்லை, விழுந்ததில்லை. அதையும் சொல்ல வேண்டும். கண்ணை மூடி, வாயில் வைத்திருந்து, விழுங்கி, எனக்குச் சொல்வாய். "மொதல்ல நாவப்பழம் மச்சான். அப்பறம் மிளகு. கடசில நாக்குல கடுக்காய் தேச்ச மாரி." நீ சொல்லித்தான் எனக்கு வைனின் ருசி தெரியும். காலைத் தொழுகைக்கு அலாரம் வைத்து என்னை எழுப்பிவிட்டவனும் நீதான். உன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என்னை உலுக்கிவிட்டு மறுபடி தூங்குவாய். இப்படி ஒருத்தனை நான் எப்படி முழுசாக வெறுப்பது? அதற்கும் நீ வழி வைக்கவில்லை.

போட்டோ எடுத்தது உன் கேமராவில். பிலிம் ரோல் போட்டது. வீட்டோ எடுப்பான், ஓட்டல்காரர்கள் எடுப்பார்கள். கேமரா மேலே போனால் உன் கை மேசையில் ஒரு வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது. நான் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

தாம்பரம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மாலதியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பிரியாணிக்கு வந்தாய். என் மாமனாரும் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் உன் பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து, "தங்கச்சி, இது உங்களுக்கு" என்று ஜமீலா கையில் கொடுத்தாய்.

அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஒவ்வொரு போட்டோவிலும் எனக்கு முன்னால் இரண்டு கிளாஸ். ஒன்று காலி, ஒன்று பாதி. உனக்கு முன்னால் தண்ணீர் பாட்டில். மோனோபொலியில், திரானியில், பாரி துறைமுகத்தில், நான் இரண்டு கிளாஸுக்குப் பின்னால் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அது என் கிளாஸ் இல்ல" என்றேன்.

உலகத்தில் எல்லாக் குடிகாரனும் சொல்வது அதுதான். சொன்ன பிறகுதான் எனக்கே அது காதில் விழுந்தது. ஜமீலா உன்னைப் பார்த்தாள். அத்தனை பேரும் உன்னைத்தான் பார்த்தார்கள். நான்கூட உன்னைத்தான் பார்த்தேன், நீ சொல்லிவிடுவாய் என்று.

நீ ஆல்பத்தை மெதுவாக மூடினாய். "வுடுங்க தங்கச்சி. அவன ஒண்ணும் கேக்காதீங்க. வெளிநாடு, குளிரு, கம்பெனிக்காரங்க வற்புறுத்துறாங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான். நான் கூடவே இருந்தேன்ல, பாத்துக்கினேன்."

மாலதி உன்னைப் பெருமையாகப் பார்த்தாள். "இவரு ஒரு சொட்டு தொடலயாம் அண்ணா. எனக்கு அதுவே போதும்" என்றாள்.

மச்சான், நீ என் மேல் பழி போட்டிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். சட்டையைப் பிடித்திருப்பேன். நீ பழி போடவில்லை, என்னை மன்னித்துவிட்டாய். என் மனைவி முன்னால், என் மாமனார் முன்னால், என் வீட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, பெரிய மனசோடு என்னை மன்னித்தாய். மன்னிக்கப்பட்டவன் அதற்கு மேல் என்ன பேச முடியும்?

ஜமீலா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "சரிங்க" என்றாள். அந்த "சரிங்க"வை நம்பினவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தால் கதவைத் திறப்பாள், வழியை விடமாட்டாள். ஒரு நொடி நிற்பாள். நான் ஏதாவது பேச வேண்டும். பஸ் லேட் என்றோ, மழை வருமென்றோ. மூச்சு அவள் முகத்தில் பட்டதும் நகர்ந்து வழி விடுவாள். ஆறு வருஷம், எல்லா நாளும். அவள் அதைத் தெரிந்தே செய்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

என் மாமனார் பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். ரம்ஜான் மாசம் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பு அதுவரை என்னுடையது. மாசம் முழுக்க முதல் ஷிப்ட் கேட்டு வாங்கி, மத்தியானமே வந்து அடுப்பு முன்னால் நிற்பேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கறி. நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்க்க முடியாது, வாசனையை வைத்தே பதம் சொல்வேன். சாயங்காலம் எல்லா ஜாதிக்காரர்களும் தூக்குவாளி எடுத்துக்கொண்டு வருவார்கள். ஊற்றும்போது ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்ப்பேன். அந்த வருஷம் மாமனார் கூப்பிட்டார்.

"மருமவனே, கம்பெனி வேல உங்களுக்கு ஜாஸ்தி. கஞ்சியை இந்த வருஷம் வேற ஆள் பாக்கட்டும்."

அவ்வளவுதான். நான் வரிசையில் நின்று கஞ்சி வாங்கினேன். எனக்கு முன்னால் தூக்கோடு நின்றவன் யார் தெரியுமா? நீ. அதை மட்டும் நீ ஒரு வருஷம்கூட விடவில்லை. "இந்த வருஷம் பூண்டு கம்மி மச்சான், நீ காச்சறா மாரி வர்ல" என்று என்னிடமே சொன்னாய்.

பஸ்ஸில் உன்னிடம் நேராகவே கேட்டேன். மறந்திருக்க மாட்டாய், பெருங்களத்தூர் தாண்டினோம். "ஜமீலாகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லு. போதும்."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "சொன்னா அது அப்பிடியே மாலதிக்குப் போவும். அவ கொழந்தைய இட்டுக்கினு போய்டுவா மச்சான். உங்க வூட்ல ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவாங்க, அப்பறம் மறந்துடுவாங்க. எனக்கு வூடே போய்டும்."

இரண்டு மாசம் நான் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கேன்டீன் காண்டிராக்டர், அவருக்குப் பேசவும் தெரியாது தூங்கவும் தெரியாது. மூன்றாவது மாசம் நானே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தூங்கி என் தோளில் சாய்ந்தாய். வெட்கமே இல்லை உனக்கு. எனக்கும் இல்லை.

ஒரு விஷயத்தில் நீ சொன்னது நடந்தது. உன் வீடு போகவில்லை. இங்கே வந்த பிறகு நீ சாகும்வரை தொடவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவர்கள் மறக்கவில்லை மச்சான். அதை உன்னிடம் சொல்லி முடிப்பதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்ட கையோடு. இனி யார் வந்து ஜமீலாவிடம் சொல்வது?

காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பியபோது மாலதி என்னை நிறுத்தினாள். ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தாள். "அண்ணா, மாட்டறதுக்கு அவர் போட்டோ ஒண்ணுகூட நல்லா இல்ல. எல்லாத்துலயும் முறைச்சிக்கிட்டு நிக்கிறாரு. இத்தாலில நல்லா சிரிச்சிருக்காரு. இது அந்த நெகட்டிவ், அவர் அலமாரில துணிக்கு அடில இருந்துச்சு. நீங்க பாத்து ஒண்ணு பெருசு பண்ணிக் குடுங்க."

மேற்குத் தாம்பரத்தில் நீ வழக்கமாகப் போகும் ஸ்டுடியோவுக்கே போனேன். அந்த ஸ்டுடியோக்கார அக்கா நெகட்டிவ்வை விளக்குப் பெட்டியின் மேல் பரப்பி லென்ஸை வைத்துப் பார்த்தது. இப்போதெல்லாம் யாருமே பிலிம் கொண்டுவருவதில்லை என்று சொல்லிக்கொண்டே பார்த்தது. ஒரு இடத்தில் நின்றது.

"சார், எனக்கு ஞாபகம் இருக்கு, இத ஒண்ண மட்டும் அன்னிக்கு பிரிண்ட் போட வேணாம்னு சொல்லிட்டாரு. ஆனா இதுலதான் நல்லா சிரிக்கிறாரு."

குனிந்து பார்த்தேன். வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் எனக்கு உடனே தெரிந்தது. போலிஞானோ. நமக்குப் பின்னால் பாறை, அதற்குப் பின்னால் கடல். உன் இரண்டு கையிலும் இரண்டு கிளாஸ், இரண்டையும் உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறாய். கேமரா மேலே வந்ததை நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் நான், கையில் தண்ணீர் பாட்டில். நான் கேமராவைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன்.

ஆறு வருஷமாக நான் தேடிய சாட்சி. உன் அலமாரியில், உன் துணிகளுக்கு அடியில் இருந்திருக்கிறது. நாலு படம் உள்ள துண்டு அது. ஒரு கத்தரிக்கோல் போதும், அந்த ஒன்றை வெட்டி எறிந்திருக்கலாம். ஏன் எறியவில்லை? மறந்துவிட்டாயா? மனசு வரவில்லையா? என்னிடம் கொடுக்க ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தாயா? அப்படி ஒரு நல்ல எண்ணம் உனக்கு இருந்தது என்று நான் நம்பமாட்டேன். ஆனால் ராத்திரியும் பகலும் அதையே யோசிக்கிறேன்.

அக்காவிடம் இரண்டு பிரிண்ட் சொன்னேன். ஒன்று உன் முகம் மட்டும், பெரிதாக, தோளுக்குக் கீழே எதுவும் வரக்கூடாது. "கை தூக்கியிருக்காரே சார், அதுவும் இருந்தா அழகா இருக்கும்" என்றது. வேண்டாம் என்றேன். இன்னொன்று முழுப்படம், அஞ்சலட்டை அளவில்.

முழுப்படத்தை ஜமீலாவிடம் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்து நான் நின்றேன், பொய் சொல்வானேன்.

"நீங்க இப்படி சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க" என்றாள்.

"இத அத்தாகிட்ட காட்டணும்" என்றாள், தன் அப்பாவைச் சொல்லி. அப்புறம் அவளே உட்கார்ந்துவிட்டாள். "காட்டுனா அவரு சும்மா இருக்க மாட்டாரு. உங்களுக்குப் பண்ணது தப்புன்னு பள்ளிவாசல்லயே சொல்லுவாரு. மாலதி காதுக்குப் போயிடும்." போட்டோவை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க சொல்லுங்க. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

மறுநாள் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினேன். திறந்தாள். திறந்துவிட்டு அப்படியே திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பஸ்ஸைப் பற்றிப் பேச வாயைத் திறந்தவன், காலியான வாசலில் நின்றேன். செருப்பைக் கழற்றக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள், அந்த ஊரில் என்ன சாப்பிட்டீர்கள் என்று. சொல்ல ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்தவே முடியவில்லை. அடுத்த நாள் காய்ந்த மொச்சையை ஊறவைத்துத் தோல் நீக்கி வேகவைத்து மசித்தாள். கசப்புக்கு வெந்தயக்கீரை. ஆலிவ் எண்ணெய் மெடிக்கல் ஷாப்பில் குழந்தைக்குத் தேய்க்க விற்கிறார்களே, அந்தச் சின்ன பாட்டில். பூலியாவின் ருசி அதில் இல்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் படத்தை மாட்டப் போனோம். ஜமீலா, மாமனார், நான். மாமனார் தானாகவே வருகிறேன் என்றார், உன்னை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஆணி அடித்தது நான். உன் படத்துக்கு ஆணி அடிக்கும்போது சுத்தியலை எப்படிப் பிடித்திருப்பேன் என்று நீயே நினைத்துக்கொள். மாலதி பூ போட்டாள். உன் முகம் சுவரிலிருந்து எங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. கீழே கைகள் இல்லை, கையில் இருந்தவையும் இல்லை. உன் வலது தோளுக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் நான் இருந்தேன்.

மாலதி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமனாரிடம் சொன்னாள். "அந்த ஊர்ல அண்ணனுக்கு கொஞ்சம் அப்படி இப்படி ஆச்சு. ஆனா இவரு ஒரு சொட்டு தொடாம, கூடவே இருந்து அண்ணன பாத்துக்கிட்டாரு. அது ஒண்ணுதான் எனக்கு இப்பவும் தெம்பு. என் புள்ள மேல பண்ண சத்தியத்த காப்பாத்திட்டுப் போயிட்டாரு." உன் மகள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உன் மூக்கு அவளுக்கு.

ஜமீலா என்னைப் பார்த்தாள். என் சட்டைப் பையில் அந்த அஞ்சலட்டை அளவுப் படம் இருந்தது. அவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கப் போனாள். இரண்டு வார்த்தை போதும். எனக்கு என் பெயர் திரும்பி வந்திருக்கும், கஞ்சி அடுப்பு திரும்பி வந்திருக்கும்.

"ஆமாம்மா. அவன்தான் என்னைப் பாத்துக்கிட்டான்" என்றேன்.

மாமனார் தலை குனிந்துகொண்டார். இந்த ஆறு வருஷமும் அவருக்குக் கொஞ்சமாவது சந்தேகம் இருந்திருக்கும் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. மருமகன் குடித்திருக்க மாட்டானோ என்ற சந்தேகம். அதையும் நானே என் வாயால் துடைத்துவிட்டேன். செய்யாத தப்பை நான் ஒத்துக்கொண்டது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். அதையும் நீ செத்த பிறகு என்னிடமிருந்து வாங்கிவிட்டாய்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மாமனார் முன் பக்கம் டிரைவர் அருகில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் நானும் ஜமீலாவும். அவள் என் சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இப்போது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. மாலதி இருக்கும்வரை, உன் மகள் இருக்கும்வரை, அந்த வீட்டில் யார் எத்தனை தடவை கேட்டாலும் நீதான் என்னைப் பார்த்துக்கொண்டாய் என்று சொல்வேன். வருஷா வருஷம் ரம்ஜானுக்கு வரிசையில் நிற்பேன், உன் வீட்டுத் தூக்கையும் சேர்த்து வாங்கிவந்து கொடுப்பேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனால் நீ என்னை மன்னித்தாயே எல்லார் முன்னாலும், அந்த மாதிரி நான் உன்னை மன்னிக்க மாட்டேன். மறுமையில் உன்னைப் பார்த்தால் முதல் வேலையாகச் சட்டையைப் பிடிப்பேன். பக்கத்தில் ஒரு இடம் போட்டு வை. ஜன்னல் ஓரம் எனக்கு.

போலிஞானோவில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற,
உன் மச்சான்